கையா, விசையா, குரலா, துணையா: நோயோடு நாவல் எழுதுபவருக்கு எது பொருந்தும்?

மூன்று பேரிடமிருந்து ஒரே கேள்வி வந்திருக்கிறது. ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. முடக்குவாதத்தால் விரல் மூட்டுகள் வீங்கியிருக்கின்றன, இரண்டாவது நாவல் பாதியில் நிற்கிறது. இன்னொருவர் கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறார், விரல்நுனிகள் மரத்துப்போய்விட்டன. மூன்றாமவருக்கு இப்போதுதான் டயாலிசிஸ் தொடங்கியிருக்கிறது. மூவரும் கேட்பது இதுதான்: கையால் எழுதுவதா, தட்டச்சு செய்வதா, ஃபோனில் பேசிப் பதிவதா, இல்லை, யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதச் சொல்வதா?

நான் 2019 முதல் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். அதற்குப் பிறகு இரண்டு நாவல்களை முடித்தேன், மூன்றாவது நடந்துகொண்டிருக்கிறது. இந்த நான்கு வழிகளையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். உடம்பு நன்றாக இருந்தபோது இது ஒரு கேள்வியாகவே தோன்றியதில்லை, பழகிய வழியில் எழுதிக்கொண்டு போனேன். இப்போது ஒரு நாளில் தெளிவாக இருக்கும் நேரம் இரண்டு மணி நேரம்தான். அந்த இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு நாவலுக்குப் போகும், எவ்வளவு நாவலைச் சுற்றியுள்ள எடுபிடி வேலைக்குப் போகும் என்பது நீங்கள் எந்த வழியைப் பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

எதை வைத்து அளப்பது

பலரும் முதலில் வேகத்தைப் பார்ப்பார்கள். வேகத்தை ஒதுக்கிவையுங்கள் என்றுதான் சொல்வேன். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு 300 சொல் என்றால் வாரத்துக்கு 1,200 சொல். 60,000 சொல் நாவலின் முதல் வரைவு 50 வாரத்தில் முடிந்துவிடும், அதாவது ஒரு வருடத்துக்குள். 300 சொல் என்பது நிதானமாக எழுதினாலும் ஒரு மணி நேர வேலை. அதனால் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் சொல் தரும் வழி நமக்கு அவசியமே இல்லை. வாரத்தில் நான்கு நாளாவது கைவிடாத வழி இருந்தால் போதும்.

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள். முதலாவது, மோசமான நாளில் அந்த வழி ஓடுமா? நல்ல நாளில் எல்லா வழியும் ஓடும். டயாலிசிஸ் முடிந்த சாயங்காலம், கீமோவுக்குப் பிறகு வரும் மூன்றாம் நாள், மூட்டு இறுகிய காலை நேரம் ஆகியவற்றை மனதில் வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். இரண்டாவது, பின்வேலை எவ்வளவு? எழுதியதைத் தட்டச்சு செய்வது, பிழை திருத்துவது, ஒழுங்கு செய்வது எல்லாமே உங்கள் நல்ல நேரத்திலிருந்துதான் போகும். மூன்றாவது, பத்து நாள் மருத்துவமனையில் கிடந்துவிட்டு வந்தால் விட்ட இடத்தைப் பிடிக்க முடியுமா? நான்காவது, உங்கள் நடை அதில் உயிரோடு இருக்குமா?

ஐந்தாவதைப் பேசுவது சிரமம், ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும். நம்மால் முடியாமல் போனால் இன்னொருவர் அதை எடுத்துப் படித்துப் புரிந்துகொள்ளும் நிலையில் இருக்குமா? கல்கி 1954 டிசம்பர் 5 அன்று காலமானபோது அவருடைய தொடர்கதை ஒன்று பாதியில் நின்றது. அவர் வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்திதான் அதை எழுதி முடித்தார். குறிப்புகள் படிக்கும்படி இருந்ததால்தான் அது நடந்தது. நம் நோட்டுப் புத்தகத்தை நம்மைத் தவிர யாராலும் படிக்க முடியாது என்றால் அந்த வாய்ப்பே இல்லை.

| வழி | மோசமான நாளில் | பின்வேலை | நடை | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| கையெழுத்து | விரல் நன்றாக இருந்தால் ஓடும் | அதிகம் | முழுசாக வரும் | தட்டச்சுக் கூலி, தண்ணீர், ஈரம் |
| தட்டச்சு | உட்கார முடிந்தால் ஓடும் | குறைவு | முழுசாக வரும் | கழுத்து, மூட்டு, திருத்திக்கொண்டே இருக்கும் ஆசை |
| குரல் தட்டச்சு | மூச்சும் வாயும் ஒத்துழைக்க வேண்டும் | மிக அதிகம் | பாதி வரும் | தாகம், தனிமை, நெட்வொர்க் |
| சொல்லி எழுதவைப்பது | ஆள் வந்தால் ஓடும் | நடுத்தரம் | பழகினால் வரும் | கூலி, நேரம், கூச்சம், உறவு |

கையால் எழுதுவது

டயாலிசிஸ் யூனிட்டில் எனக்கு ஒத்துவரும் வழி இது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எனக்கு ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக அறுவை செய்து ரத்தக்குழாய்களை இணைத்த இடம், இடது கையில். இரண்டு ஊசியும் ஏறிய பிறகு அந்தக் கையை அசைக்கக் கூடாது, வலது கை சும்மாதான் இருக்கும். தாளைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லை என்பதால் கிளிப் வைத்த பரீட்சை அட்டை வேண்டும். மடியில் ஒரு தலையணை, அதன்மேல் அட்டை. நான்கு மணி நேரத்தில் முதல் இரண்டு மணி நேரம் எழுதலாம். அப்புறம் ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். அந்த நேரத்தில் எழுதியதை நான் பெரும்பாலும் அடித்துவிட்டேன். சாய்ந்து படுத்து எழுதுபவர்கள் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். பால்பாயின்ட் பேனாவில் மை கீழ்நோக்கி இறங்க வேண்டும்; முனை மேலே பார்த்தால் கொஞ்ச நேரத்தில் எழுதாமல் நின்றுவிடும்.

இன்னும் ஃபிஸ்டுலா போடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அறுவைக்கு முன்பே, "நான் எழுதுகிறவன், இந்தக் கையால்தான் எழுதுகிறேன்" என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பொதுவாக அதிகம் புழங்காத கையில்தான் போடுவார்கள். ஆனால் ரத்தக்குழாய் எந்தக் கையில் நன்றாக இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருப்பதால், உங்கள் பிழைப்பு எந்தக் கையில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஃபிஸ்டுலா கையில் கனமான எதையும் தூக்கக் கூடாது. லேப்டாப் பையைக்கூட அந்தத் தோளில் மாட்டாதீர்கள்.

கையெழுத்தின் பெரிய நன்மை, விட்ட இடம் கண்ணுக்குத் தெரியும். அடித்த வரி, ஓரத்தில் எழுதிய கேள்வி, அம்புக்குறி எல்லாம் பத்து நாள் கழித்துப் பார்த்தாலும் அன்றைய யோசனையைத் திருப்பிக் கொடுக்கும். ஒவ்வொரு நாளும் நிறுத்தும்போது, அடுத்து என்ன வர வேண்டும் என்பதை ஒரு வரியில் எழுதி வட்டமிட்டுவிடுவேன். மருத்துவமனையிலிருந்து திரும்பிய பல தடவை அந்த வட்டம்தான் என்னை மறுபடி நாவலுக்குள் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

செலவு பிறகுதான் வரும். யாராவது தட்டச்சு செய்ய வேண்டும். திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கம் டிடிபி, அதாவது கணினியில் தட்டச்சு செய்து பக்கம் அமைத்துக் கொடுக்கும் வேலை, செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். முதலிலேயே யூனிகோடில், எந்தக் கணினியிலும் ஃபோனிலும் படிக்க முடிகிற பொது எழுத்துமுறையில், வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்தால் அதை மாற்றும்போது புது எழுத்துப் பிழைகள் முளைக்கும், அவற்றைத் தேடித் திருத்துவது உங்கள் தலையில் விழும். ஸ்டீராய்டாலோ நடுக்கத்தாலோ கையெழுத்து மாறியிருந்தால் தட்டச்சு செய்பவர் ஊகித்து அடிப்பார். அதில் வரும் தவறுகள் சரியான சொல் போலவே இருக்கும், எளிதில் கண்ணில் படாது.

அப்புறம் தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நான் வேளச்சேரியில் தரைத்தள வீட்டில் இருந்தேன். கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் வைத்திருந்த நோட்டுகள் மூன்றும் போயின. அதில் இருந்த நாவலை நான் திரும்ப எழுதவே இல்லை. இப்போது எழுதிய பக்கங்களை அன்றன்றைக்கே ஃபோனில் படம் எடுத்துத் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். அதற்கு இரண்டு நிமிடம் ஆகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நோட்டுகளை நினைத்துத் தூக்கம் கெடவில்லை.

விரலில் உணர்வும் பிடியும் இருக்கிறவர்களுக்கும், மருத்துவமனையில் நிறைய நேரம் கழிகிறவர்களுக்கும் இதுதான் நல்லது. பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு வேண்டாம். அந்த நோயில் எழுத எழுத எழுத்து சிறுத்துக்கொண்டே போவது வழக்கம்.

தட்டச்சு

பின்வேலை என்ற அளவில் இதற்கு ஈடு இல்லை. எழுதியது எழுதியபடி கோப்பில் இருக்கும், தேடலாம், பதிப்பாளருக்கு அப்படியே அனுப்பலாம். பத்து நாள் இடைவெளிக்குப் பிறகு, "இந்தப் பாத்திரத்துக்கு மகன் எத்தனை வயது என்று எழுதினோம்" என்று தேடினால் ஒரு நொடியில் கிடைக்கும். நோயும் மருந்தும் ஞாபகத்தைக் கலைக்கிற காலத்தில் இது எவ்வளவு பெரிய உதவி என்பது கீமோவில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

விரல் வலிப்பவர்கள் எந்த விசைப்பலகை என்பதையும் கவனிக்க வேண்டும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 அமைப்பில் 'வணக்கம்' என்று அடிக்க ஆறு தட்டு போதும். ஆங்கில எழுத்தில் vaNakkam என்று அடிக்கும் ஒலிப்பு முறையில் ஷிஃப்டோடு சேர்த்து ஒன்பது. ஒரு நாவல் முழுக்க இந்த வித்தியாசம் சேர்ந்தால் மூட்டு தாங்குகிற வலி எவ்வளவு குறையும் என்று யோசித்துப் பாருங்கள். பழக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், அந்த வாரங்களில் நாவல் நகராது. ஒரு கை மட்டும்தான் ஓடும் என்றால் தமிழ்99-இன் வசதி குறைந்துவிடும். உயிரெழுத்துகள் இடது பக்கமும் மெய்கள் வலது பக்கமும் பிரிந்து கிடப்பதால் ஒரே கை பலகை முழுக்க அலைய வேண்டும். அப்போது ஃபோனில் கட்டைவிரலால் அடிப்பது எளிது.

தமிழில் எழுத உதவும் அழகி மென்பொருளை உருவாக்கிய விஸ்வநாதன், பெருங்குடல் அழற்சி நோயின் கடுமையான தாக்குதலுக்கு நடுவில்தான் அந்த வேலையைச் செய்தார். தமிழில் தட்டச்சு செய்யும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்வேன்.

இதில் மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று உட்காரும் சிரமம். இடுப்பு, கழுத்து, கால் வீக்கம் எல்லாம் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாது. இரண்டாவது, எழுதியதையே திருத்திக்கொண்டிருக்கும் ஆசை. திரையில் முதல் பத்தி எப்போதும் கண்முன்னே இருக்கும். கிடைத்த ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் பழைய பத்தியை மெருகேற்றிவிட்டுச் சோர்ந்து படுத்த நாட்கள் எனக்கு நிறைய உண்டு. இப்போது ஒவ்வொரு நாளும் புதுக் கோப்பு திறந்து எழுதுகிறேன். பழைய கோப்பை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தொடுவேன்.

குரல் தட்டச்சு

எல்லோரும் முதலில் இதைத்தான் சிபாரிசு செய்வார்கள். "பேசினாலே போதும், தானாக எழுதிவிடும்" என்பார்கள். 2017-ல் கூகுள் தமிழுக்கும் குரல் தட்டச்சைக் கொண்டுவந்ததிலிருந்து இது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, செலவும் கிடையாது. குறுஞ்செய்திக்கும் கடிதத்துக்கும் அருமையான வசதி. நாவலுக்கு அப்படி இல்லை என்பது என் அனுபவம்.

நிறுத்தற்குறி தானாக விழாது. சந்தி விடுபடும். மனம் என்றால் மணம் வரும், அறை என்றால் அரை வரும், வலி என்றால் வழி வரும். உரையாடல்தான் மிக மோசம். என் பாத்திரங்கள் வண்ணாரப்பேட்டைக்காரர்கள். அவர்கள் பேசுகிற சொல்லைச் சொன்னால், அதற்குப் பக்கத்தில் ஒலிக்கும் ஏதோ ஒரு எழுத்துச் சொல்லை ஃபோன் போட்டுவிடும். கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அரை மணி நேரம் பேசியதைத் திருத்த ஒன்றேகால் மணி நேரம் ஆனது. திருத்துவதற்கும் அதே விரலும் அதே கண்ணும்தானே வேண்டும்?

யாரும் சொல்லாத இன்னொன்று தாகம். டயாலிசிஸில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் அளந்துதான். அரை மணி நேரம் தொடர்ந்து பேசினால் வாய் உலர்ந்து, ஒரு நாள் கணக்கில் கால் பங்கு தண்ணீர் அங்கேயே போய்விடும். இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு வரும் டயாலிசிஸுக்கு முந்தைய ராத்திரி, உடம்பில் நீர் சேர்ந்து மூச்சு வாங்கும். அன்றைக்கு நீளமான ஒரு வாக்கியத்தைக்கூட ஒரே மூச்சில் சொல்ல முடியாது. கீமோவில் வாய்ப்புண் வந்தவர்களுக்கும், இதயம், நுரையீரல் பலவீனமாக இருப்பவர்களுக்கும் இதே கதிதான். தனிமையும் வேண்டும். வார்டிலோ யூனிட்டிலோ பக்கத்துக் கட்டிலில் ஒருவர் படுத்திருக்க, ஒரு சாவுக் காட்சியைச் சத்தமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் முழுசாகத் தள்ளிவிட மாட்டேன். கட்டுரை, குறிப்பு, பாத்திரத்தின் பின்கதை, அடுத்த அத்தியாயத்தின் போக்கு ஆகியவற்றுக்கு இது போதும். அங்கே பிழை இருந்தாலும் பாதகமில்லை. ராத்திரி மூன்று மணிக்குக் கால் குடைச்சலில் விழித்துக் கிடக்கும்போது வரும் ஒரு வரியைப் பிடிக்க, எழுத்தாக மாற்றாமல் வெறும் ஒலியாகப் பதிந்துவைப்பது இன்னும் நல்லது. அந்த வரியின் தொனியும் சேர்ந்து பதிவாகும்.

ஒருவரை வைத்துச் சொல்லி எழுதவைப்பது

தமிழில் இதற்கு நல்ல பாரம்பரியம் இருக்கிறது. 1944-ல் மறைந்த கு.ப. ராஜகோபாலனுக்குக் கண்புரையால் பார்வை மங்கியிருந்த காலத்தில், அவர் சொல்லச் சொல்லத் தங்கை சேது அம்மாள் எழுதினார். பிறகு சேது அம்மாளே சிறுகதை எழுத்தாளர் ஆனார். வை.மு. கோதைநாயகி எழுதப் பழகாத காலத்தில் தன் முதல் நாடகத்தைத் தோழி பட்டம்மாளிடம் சொல்லித்தான் எழுதவைத்தார்.

மனிதக் காது தரும் பலன்களை எந்தக் கருவியும் தராது. வண்ணாரப்பேட்டைப் பேச்சை அப்படியே எழுதும். "இந்த ஆளை நேற்று வேறு பெயரில் சொன்னீர்களே" என்று கேட்கும். நீங்கள் களைத்துப்போனதைப் பார்த்து, நாளைக்குத் தொடரலாம் என்று நோட்டை மூடும். போன வருடம் தொற்று வந்து வலது கையும் முடங்கிய இரண்டு மாதம், தமிழ் இலக்கியம் படிக்கும் ஒரு கல்லூரி மாணவி வாரம் மூன்று நாள் வந்து எழுதினார். அந்த இரண்டு மாதத்தில் நான்கு அத்தியாயம் நகர்ந்தது.

இதன் செலவுகளையும் சொல்லிவிடுகிறேன். பக்கக் கணக்கில் கூலி பேசாதீர்கள், மணிக் கணக்கில் பேசுங்கள். நீங்கள் யோசித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் இருபது நிமிடமும் அவருடைய நேரம்தான். பக்கத்துக்கு இவ்வளவு என்றால் அவருக்கு நஷ்டம், உங்களுக்கு மௌனமாக இருக்கவே பயம் வந்துவிடும். உடம்பு சரியில்லாமல் நீங்கள் ரத்து செய்த நாளுக்கும் பாதியாவது கொடுங்கள். நமக்கு அது அடிக்கடி நடக்கும்.

வீட்டு ஆட்களை வைத்துக்கொள்வதைப் பற்றி யோசித்துச் செய்யுங்கள். மருந்து, சாப்பாடு, ஆட்டோ, இன்ஷூரன்ஸ் அலைச்சல் என்று ஏற்கெனவே அவர்கள் தலையில் நிறைய இருக்கிறது. நாவலையும் சேர்த்து வைத்தால் அது அவர்களுக்கு இன்னொரு பணிவிடை ஆகிவிடும், முகம் சுளிக்காமல் செய்வார்கள் என்பதால் நமக்குத் தெரியவும் தெரியாது. கூச்சமும் இருக்கிறது. ஒரு கணவன் மனைவி சண்டையை என் மனைவியிடம் சொல்லி எழுதவைத்தபோது, சண்டை பாதியிலேயே சமாதானமாகிவிட்டது. அதை நான் திட்டமிடவில்லை. பிறகு அந்த அத்தியாயத்தைக் கையால் மறுபடி எழுதினேன்.

கண்ணும் கையும் இரண்டும் ஒத்துழைக்காதவர்களுக்கு இதுதான் வழி, தயங்க வேண்டாம். முதல் பத்து நாள் ஒன்றுமே சரியாக வராதது போல் இருக்கும். ஒரு வாக்கியத்தை வாய்க்குள் முழுசாகக் கட்டிக்கொண்டு பிறகு சொல்லும் பழக்கம் வர அவ்வளவு நாள் ஆகும்.

கேட்ட மூவருக்கும்

ஆசிரியை அம்மாவுக்கு: முடக்குவாதத்தில் காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். விடியற்காலையில் எழுதிய பழக்கத்தை விட்டுவிடுங்கள், பதினோரு மணிக்கு மேல் உட்காருங்கள். உங்களுக்குத் தட்டச்சு, அதுவும் தமிழ்99. நோய் அடங்கியிருக்கும் வாரங்களிலேயே பழகிக்கொள்ளுங்கள், வீங்கிய பிறகு பழக முடியாது. வீங்கும் வாரங்களுக்கென்று ஒரு மாணவரை இப்போதே பேசிவையுங்கள்.

கீமோவில் இருப்பவருக்கு: சில மருந்துகளால் விரல் மரத்துப்போவது சிகிச்சை முடிந்து மாதக்கணக்கிலும் நீடிக்கலாம், அதனால் கையெழுத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். மரத்துப்போவது கூடுகிறது என்றால் அடுத்த சுற்றுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள், அது அவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். கீமோ வாரத்தில் ஒலிப்பதிவில் குறிப்புகள் மட்டும். சுற்றுகளுக்கு இடையில் தெளிந்து வரும் நாட்களில் தட்டச்சு. ஜனவரி புத்தகக் காட்சிக்குள் முடித்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நவம்பரிலேயே கைப்பிரதி கேட்பார்கள். உங்கள் சிகிச்சை அட்டவணை டிசம்பர் வரை போகிறது. பதிப்பாளரிடம் அடுத்த வருடக் காட்சி என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

டயாலிசிஸ் தொடங்கியவருக்கு: வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில் கிடைக்கிறது என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அதில் எழுத உதவுவது ஐந்தாறு மணி நேரம்தான். முதல் இரண்டு மாதம் அங்கே எதுவும் எழுத வேண்டாம், உடம்பும் மெஷின் சத்தமும் பழகட்டும். மூன்றாம் மாதம் பரீட்சை அட்டை, இருபது தாள், இரண்டு பென்சில், ஒரு சால்வை எடுத்துப்போங்கள், யூனிட்டில் குளிரும். வீட்டில் இருக்கும் நாட்களில் அதைத் தட்டச்சு செய்யுங்கள், செய்யும்போதே இரண்டாம் வரைவும் ஆகிவிடும். ஊசி போடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஊசி ஏறாத கைப் பக்கம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊசி ஏறிய பிறகு பென்சில் கீழே விழுந்தால் சிஸ்டர் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால்தான் இரண்டு பென்சில் என்றேன்.